காலி வானம் என்று நினைத்த மூலை

1

எங்கள் சபையைப் பொறுத்தவரை நான் ஜெர்மனியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். இருபது வருஷமாக இதை மாற்றிச் சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டேன். ஒவ்வொரு டிசம்பரும் செகந்திராபாத் பக்கம் குஷாய்குடாவில் ஸ்டெல்லா அக்கா வீட்டில் பெட்டியை இறக்கி வைத்த மறுநாளே கிரேஸ் ஆன்ட்டி பெரிய பழுப்புக் கவரோடு வந்துவிடுவார். டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர், சபையின் பெண்கள் பாடகர் குழுவுக்குத் தலைவி, வலது முழங்காலில் தேய்மானம். கவரிலிருந்து படத்தை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் என் முகத்துக்கு நேராகப் பிடிப்பார்.

“ஆன்ட்டி, நான் பாக்குறது வானத்தை. முழங்காலை இல்ல.”

“எக்ஸ்ரேன்னா எக்ஸ்ரேதானே ஜெசி? டாக்டர் நக்கோம்மா, வேண்டவே வேண்டாம், ஆப்பரேஷன்னு பயமுறுத்துறாரு. நீ பாத்துச் சொல்லு.”

நானும் பார்த்துவிட்டு, “மாடிப்படி ஏறாதீங்க” என்பேன். அவருக்கு அது போதும். அடுத்த டிசம்பர் வரை அதையே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார்.

இந்த வருஷம் விமான நிலையத்திலேயே ஆரம்பித்துவிட்டது. குடியேற்றக் கவுண்டரில் இருந்தவர் என் ஜெர்மன் பாஸ்போர்ட்டைப் புரட்டினார். பிறந்த ஊர் செகந்திராபாத் என்று பார்த்ததும் ஆங்கிலத்தை விட்டுத் தெலுங்குக்கு வந்து, என்ன வேலை என்று கேட்டார். எக்ஸ் கதிர் வானியல் என்றேன். முதல் பாதி மட்டும்தான் அவர் காதில் ஏறியது. “நர்ஸ், எக்ஸ்ரே, இதுக்கெல்லாம் அங்கே நல்ல கிராக்கி” என்று முத்திரை குத்திக் கொடுத்தார். என் பின்னால் நின்ற ஈவா கண்ணை உருட்டினாள். ஈவா என் மகள், பதினேழு வயது. தமிழ் எல்லாம் புரியும், பதில் மட்டும் ஜெர்மனில் வரும். அடுத்த வருஷம் கல்லூரிக்குப் போய்விடுவேன், இனி எல்லா டிசம்பரும் உன் பின்னால் வர முடியாது என்று விமானத்திலேயே சொல்லியிருந்தாள். சரி என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

2

அப்படி என்னதான் பார்க்கிறாய் என்று கேட்கிறவர்களுக்கு ஒரு தடவையாவது ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

விண்மீன் மண்டலங்கள் தனித்தனியாகச் சிதறிக் கிடப்பதில்லை. நூற்றுக்கணக்கில், சில இடங்களில் ஆயிரக்கணக்கில், கொத்தாகச் சேர்ந்து கிடக்கின்றன. ஒரு கொத்துக்குள் மண்டலங்களுக்கு நடுவே இருப்பது வெறும் இடமில்லை. கோடிக்கணக்கான டிகிரி சூட்டில் ஒரு வாயு நிரம்பியிருக்கிறது. கொத்திலுள்ள நட்சத்திரங்கள் அத்தனையையும் கூட்டி எடை போட்டாலும் அந்த வாயுவின் எடைக்கு வராது. அவ்வளவு சூடாக இருப்பதால் அது எக்ஸ் கதிரில் ஒளிர்கிறது. நம் காற்று மண்டலம் அந்தக் கதிரை உள்ளே விடாது, நம் நல்ல காலம். அதனால் தொலைநோக்கியை விண்வெளிக்கு அனுப்பி, வந்து விழும் ஒளித்துகள்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

இந்தக் கொத்துகளையும் ஒன்றோடொன்று மெல்லிய இழைகள் இணைக்கின்றன, பிரபஞ்சம் முழுக்க அப்படி ஒரு வலைதான் என்று கணக்கு சொல்கிறது. ஆனால் இழையில் உள்ள வாயு மிக மிக மெல்லியது, சூடும் குறைவு. கணக்கில் இருப்பதைக் கண்ணில் காட்டு என்றால்தான் ததிங்கிணத்தோம்.

அக்கா முந்திரிக்கொத்து பொரித்துக்கொண்டிருந்தபோது இதைச் சொன்னேன். எங்கள் குடும்பம் திருநெல்வேலியை விட்டு மூன்று தலைமுறை ஆகிவிட்டது. கிறிஸ்துமஸுக்கு முந்திரிக்கொத்தும் அக்கா பேச்சும் மட்டும் இன்னும் அந்த ஊர்தான். பயற்று உருண்டைகளை மூன்று மூன்றாக மாவில் முக்கி எண்ணெயில் விட்டபடியே கேட்டாள்.

“உருண்டைக்கு நடுவுல ஒட்டிக்கிட்டு நிக்கே இந்த மாவு, அதையாட்டி நீ தேடுத?”

“ஹவ். அதேதான்.”

“இதுக்கா அம்புட்டுத் தூரம் போன? இங்கயே இருந்திருந்தா நான் காமிச்சிருப்பேனே.”

அக்கா கேலி செய்கிறாள், சரி. ஜெர்மனியில் வெளிநாட்டவர் அலுவலகத்தில் ஒரு அம்மணி இதே கேள்வியைக் கேலியில்லாமல் கேட்பார். ஆரம்ப வருஷங்களில் என் வேலை ஒப்பந்தம் இரண்டிரண்டு வருஷம்தான். தங்கும் அனுமதியும் அதற்கேற்ற மாதிரி. ஒவ்வொரு முறையும் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “உங்கள் ஆராய்ச்சி எப்போது முடியும்?” என்பார். பிரபஞ்சம் பெரியதம்மா என்றா சொல்ல முடியும்? அடுத்த மார்ச்சில் முடியும் என்று ஒரு தேதி சொல்வேன். அவரும் திருப்தியாக எழுதிக்கொள்வார். பாஸ்போர்ட் மாறிய நாள் வரை இந்த நாடகம் நடந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கொத்துகளை நானும் என் மாணவன் லூக்காஸும் பல வருஷமாகத் துரத்திக்கொண்டிருந்தோம். நடுவே இழை இருக்கிறதா என்பதே கேள்வி. இதில் ஒரு சிக்கல் உண்டு. வானமே எக்ஸ் கதிரில் லேசாக மினுங்கும். கருவியும் தன் பங்குக்குப் பொய்க்கணக்கு காட்டும். அதனால் பக்கத்திலேயே எதுவும் இல்லாத ஒரு துண்டு வானத்தைப் பார்த்து, அங்கே எவ்வளவு மினுங்குகிறதோ அதை எங்கள் படத்திலிருந்து கழிப்போம். கழித்த பிறகு நடுவில் ஏதாவது மிஞ்சினால் அதுதான் இழை. எங்களுக்கு ஒன்றுமே மிஞ்சவில்லை.

எனவே ‘இழை இல்லை’ என்று கட்டுரை எழுதி முடித்துவிட்டோம். மற்றவர்கள் எல்லோரும் சம்மதம் சொல்லியாயிற்று. என்னுடைய ‘சரி’ ஒன்றுதான் பாக்கி, வெள்ளிக்கிழமை அனுப்புவதாக ஏற்பாடு. இல்லை என்று ஒருமுறை அச்சாகிவிட்டால் அந்தத் திசைக்கு இன்னொருமுறை தொலைநோக்கி நேரம் கேட்டு வாங்குவது குதிரைக் கொம்பு. லூக்காஸ் அதற்குள் மனம் விட்டுவிட்டான். மியூனிக்கில் ஒரு காப்பீட்டு நிறுவனம் கூப்பிட்டிருந்தது. பட்டம் வாங்கியதும் வானியலுக்கு முழுக்குப் போட்டுவிட்டு அங்கே போகிறேன் என்றான். நான் வளர்த்த பிள்ளைகளில் அவனைப் போல வானத்தை விரும்பியவன் இல்லை. அவன் போகிறான் என்பதை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. என்ன சொல்லி நிறுத்துவது? அங்கேதான் ஒன்றுமில்லையே.

3

செவ்வாய்க்கிழமை மதியம் அக்கா வீட்டு ஹாலில் பாடகர் குழு கூடியது. முன்பு இருபது பேர் இருந்த குழு, இப்போது எட்டுப் பேர். மீதிப் பேர் துபாய், டொராண்டோ, பெங்களூர். அவர்களுக்கு அனுப்புவதற்காகக் கீர்த்தனைகளைப் போனில் பதிவு செய்யலாம் என்று கிரேஸ் ஆன்ட்டி முடிவு செய்திருந்தார். பட்டான்செருவில் மருந்துத் தொழிற்சாலை ஷிப்டை முடித்துவிட்டு வந்து படுத்திருந்த அத்தானை எழுப்பி மாடிக்கு அனுப்பிவிட்டு, அக்கா ஆர்மோனியத்தோடு உட்கார்ந்தாள்.

பதிவு செய்யும் பொறுப்பு ஈவாவுக்கு. குஷாய்குடாவில் சத்தமில்லாமல் எதைப் பதிவு செய்ய முடியும்? மேலே ஃபேன் கடகடக்கிறது. வாசலில் ஷேர் ஆட்டோ இன்ஜினை அணைக்காமல் ஆள் பிடிக்கிறான். ஈவா சிரித்தாள். ஒரு செயலி இருக்கிறது, சத்தத்தைச் சுத்தமாக எடுத்துவிடும் என்றாள். யாரும் பாடாத கொஞ்ச நேரத்தை அதற்குக் காட்ட வேண்டும். ‘இதுதான் வெறும் இரைச்சல்’ என்று அது கற்றுக்கொள்ளும். பிறகு மொத்தப் பாட்டிலிருந்தும் அதைக் கழித்துவிடும்.

பாடி முடித்தார்கள். ஈவா வேலையை முடித்துப் போட்டுக் காட்டினாள். ஃபேன் இல்லை, ஆட்டோ இல்லை. குரல்கள் மட்டும் பளிச்சென்று கேட்டன. ஆனால் என்னமோ போல இருந்தது. எட்டுப் பேரும் காலுக்குக் கீழே தரை இல்லாமல் பாடுகிற மாதிரி.

முதலில் கண்டுபிடித்தது அக்காதான். “ஏட்டி ஈவா, என் சுருதியை எங்கட்டி?”

நிஜமாகவே சுருதியைக் காணவில்லை. ஆர்மோனியத்தில் அக்கா விடாமல் பிடித்திருந்த ஆதார சுருதி பாட்டு முழுக்கக் காணாமல் போயிருந்தது.

ஈவா குழம்பிப் போனாள். யாரும் பாடாத இடத்தைத்தான் காட்டினேன், பாட்டுக்கு முன்னால் இருந்த அந்தக் கொஞ்ச நேரம் என்று ஜெர்மனில் சொன்னாள். நான் மொழிபெயர்த்தேன். கிரேஸ் ஆன்ட்டி தலையில் கை வைத்துக்கொண்டார்.

“அய்யோ ராமா! உங்க பெரியம்மா யாரும் வாயைத் திறக்குறதுக்கு முன்னாடியே சுருதியைப் புடிச்சிடுவாங்கம்மா! முப்பது வருஷமா அப்படித்தான். எங்களுக்கே அது கேக்குறதில்ல, பழகிப் போச்சு.”

எல்லோரும் சிரித்தார்கள். சபை நடுவில் ஆன்ட்டி ராமனைக் கூப்பிட்டதற்கும் சேர்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாதிச் சிரிப்பில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

யாரும் பாடாத இடம் என்று ஈவா எடுத்த துண்டிலேயே சுருதி இருந்திருக்கிறது. வெறும் வானம் என்று நாங்கள் எடுத்த துண்டில்?

4

சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு லூக்காஸைக் கூப்பிட்டேன். அங்கே காலை நேரம், காபியோடு இருந்தான். நாங்கள் பேசுவது ஜெர்மன்தான், நம் வழக்கத்தில் எழுதுகிறேன்.

“பின்னணிக்கு எடுத்தியே அந்தத் துண்டு, அது எந்தப் பக்கம்?”

“அதே படத்தோட கீழ் மூலை ஜெசி. கொத்துலேருந்து நல்லா தள்ளி. பிரகாசமா ஒண்ணும் இல்லாத இடம். எல்லாரும் அப்படித்தானே எடுக்குறாங்க?”

“ஹவ், ஹவ்” என்றேன் அவசரத்தில். எங்கள் ஊரில் அது ‘ஆமாம்’. பதற்றம் வந்தால் எனக்கு நாக்கு செகந்திராபாத்துக்குத் திரும்பிவிடும். அவன் காதில் அது ‘எப்படி, எப்படி’ என்று ஆங்கிலமாக விழுந்து, எப்படி எடுத்தான் என்று முதலிலிருந்து விளக்க ஆரம்பித்துவிட்டான். நிறுத்தினேன்.

“அந்த மூலை காலியா இல்லாம இருந்தா? இழை நேர்கோடாத்தான் ஓடணும்னு யார் சொன்னது? அகலமா விரிஞ்சு அந்த மூலை வரைக்கும் வந்திருந்தா? இழையையே எடுத்து இழையிலேருந்து கழிச்சிருக்கோம் லூக்காஸ். அப்புறம் எங்கேருந்து மிஞ்சும்?”

அந்தப் பக்கம் காபிக் கோப்பையைக் கீழே வைக்கும் ஒலி கேட்டது.

“ரொம்பத் தள்ளிப் போய் பின்னணியை எடு. ஒரு திசையில மட்டும் வேண்டாம், சுத்தி எல்லா பக்கமும் எடு. நம்ம பால்வீதியோட மினுமினுப்பு ஒவ்வொரு திசையிலயும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், அதையும் பாத்துக்கணும்.”

“தெரியும்” என்றான். பிறகு மெதுவாக, “ஜெசி, தயவுசெஞ்சு எனக்கு மறுபடியும் ஆசை காட்டாதீங்க. இல்லைங்கிறதை ஏத்துக்கவே எனக்கு ஒரு வருஷம் ஆச்சு” என்றான்.

நானே அவனைவிட அதிகமாக ஆசைப்பட்டுக்கொண்டிருந்தேன். சேதி வரும் வரை கட்டுரைக்கு ‘சரி’ சொல்ல மாட்டேன் என்று மட்டும் சொன்னேன். இரண்டு நாள் கொடுங்கள் என்று வைத்துவிட்டான்.

5

அந்த இரண்டு நாளும் நான் யாருக்கும் பிரயோஜனமில்லை. தேநீரில் உப்புப் போட்டேன். அக்கா என்னை அடுக்களைப் பக்கமே வரவேண்டாம் என்றாள். “ஏட்டி, பிள்ளையைக் கூட்டிக்கிட்டு எங்கயாவது போயிட்டு வா. இங்க நின்னு எண்ணெயைக் காய வைக்காத.”

மௌலா அலிப் பக்கம் போனோம். ஷேர் ஆட்டோவில் என் மடியில் யாரோ ஒருவரின் காய்கறிப் பை, ஈவாவின் மடியில் யாரோ ஒருவரின் குழந்தை. ஸ்டேஷன் அருகே இறங்கிக் குன்றின் படிகளில் கொஞ்சம் ஏறினோம். மேலே தர்கா, கீழே தண்டவாளங்கள், அவற்றுக்கு அப்பால் காலனி வீடுகள். மூச்சு வாங்க ஒரு படியில் உட்கார்ந்தோம்.

“என் மேலே கோபமா?” என்று ஈவா கேட்டாள். சுருதியைத் தொலைத்ததற்காகத்தான் நான் இப்படி இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், பாவம். அவளை இழுத்து அணைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். கொத்து, இழை, கீழ் மூலை, வெள்ளிக்கிழமை, லூக்காஸ், காப்பீட்டு நிறுவனம் எல்லாம். ஒரே வீட்டில் பதினேழு வருஷம் இருந்தும் இவ்வளவு நேரம் இதைப் பற்றி அவளிடம் பேசியதில்லை. நிறைய கேள்வி கேட்டாள். சரியான கேள்விகள்தான்.

“இப்பவும் ஒண்ணும் இல்லைன்னு வந்தா?” என்றாள் கடைசியில். ஜெர்மனில்தான், ஆனால் ‘ஒண்ணும்’ மட்டும் தமிழில் வந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை, நானும் காட்டிக்கொள்ளவில்லை.

“அப்ப இல்லைன்னுதான் எழுதணும். ஆனா ஒழுங்கா பாத்துட்டு இல்லைன்னு எழுதுவோம்.”

சொல்லும்போது தைரியமாகத்தான் சொன்னேன். படி இறங்குவதற்குள் போனை மூன்று தடவை எடுத்துப் பார்த்தேன்.

6

வியாழக்கிழமை மாலை குழு மறுபடி கூடியிருந்தது, விட்டுப்போன சுருதியோடு புதிதாகப் பதிவு செய்ய. ஒரு கீர்த்தனை முடிந்து அடுத்ததற்கு அக்கா விரலை வைத்தபோது என் போன் அடித்தது. வீடியோ அழைப்பு, லூக்காஸ்.

எடுத்ததுமே படத்தைத் திரையில் போட்டான். அந்த இரண்டு கொத்துகள், பழகிய இரண்டு வெளிச்சத் திட்டுகள். நடுவே, பல வருஷம் கறுப்பாகவே பார்த்த இடத்தில், வெளிறிய ஒரு பட்டை. அகலமாக, கொஞ்சம் வளைந்து, நாங்கள் காலி என்று நினைத்த அந்தக் கீழ் மூலை வரைக்கும் இறங்கிப் போயிருந்தது.

“எந்தப் பக்கத்துப் பின்னணியை எடுத்தாலும் இது போக மாட்டேங்குது” என்றான். “எல்லா பக்கமும் எடுத்துப் பாத்துட்டேன். ரொம்ப மங்கல். ஆனா போக மாட்டேங்குது.”

நான் ஓவென்று அழுதுவிட்டேன். ஹாலில் எல்லோர் முன்னாலும். கிரேஸ் ஆன்ட்டி முழங்காலை மறந்து எழுந்து ஓடி வந்தார்.

“யா அல்லா, என்னாச்சு? யாருக்கு என்ன? கைக்கு அழுறா, ஏன் அழுறா?”

“ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல ஆன்ட்டி” என்று அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள், ஏன் என்று தெரியாமலே. “இவ வானத்துல என்னத்தையோ தேடிக்கிட்டு இருந்தால்லா? அது கெடச்சிட்டாம்.”

“கெடச்சிருச்சா?” ஆன்ட்டி போனை வாங்கிப் படத்தைப் பார்த்தார். அதே மாதிரி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். பிறகு திரும்பி, “எல்லாரும் எந்திரிங்க” என்றார்.

எட்டுப் பேரும் எழுந்தார்கள். ஈவாவும் எழுந்தாள். திரையில் இருந்த லூக்காஸ், ஞானஸ்நானம் கூட வாங்காத பிள்ளை, என்ன நடக்கிறது என்று புரியாமல் தானும் எழுந்து நின்றான். தலையில் இருந்த கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

“அன்பின் பரலோகப் பிதாவே” என்று ஆன்ட்டி தொடங்கினார். “வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவரே, உமக்கு ஸ்தோத்திரம். இல்லைன்னு எழுத இருந்தாங்களே, அந்தக் கையைத் தடுத்தீரே, அதுக்காக ஸ்தோத்திரம். எங்க ஜெசிக்கு நல்ல கண்ணைக் கொடுத்தீரே, அதுக்காக ஸ்தோத்திரம். இதோ போன்ல நிக்கிற இந்தத் தம்பி, பேர் எனக்கு வாயில வரல, உமக்குத் தெரியும். ராத்திரி பகலா உழைச்சிருக்கான், முகம் வாடிப் போயிருக்கு. அவனுக்கு நல்ல வழியைக் காட்டும் ஆண்டவரே. இயேசுவின் மூலமா ஜெபம் கேளும் எங்கள் பிதாவே.”

“ஆமென்” என்றோம். ஈவாவின் ஆமென் மற்ற எல்லோரையும் விடச் சத்தமாக வந்தது.

லூக்காஸ் இன்னும் நின்றுகொண்டிருந்தான். முடிந்துவிட்டது, உட்காரலாம் என்று ஈவா ஜெர்மனில் சொன்னதும் உட்கார்ந்தான். “இவங்க என்ன சொன்னாங்க?” என்று என்னைக் கேட்டான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டே, “நீ அந்தக் காப்பீட்டு வேலைக்குப் போகக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டாங்க” என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன்.

“லேட்” என்றான். “வேண்டாம்னு காலையிலயே அவங்களுக்கு எழுதிட்டேன்.”

எனக்குப் பகீரென்றது. “டேய், அவசரப்பட்டுட்டியே! இன்னும் எவ்வளவு சரிபார்க்கணும்! நாளைக்கே இது தப்புன்னு ஆச்சுன்னா?”

“ஆகலாம்” என்றான் லூக்காஸ். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவன் சிரிப்பதை அப்போதுதான் பார்த்தேன். “அதைச் சரிபார்க்க ஒரு ஆள் வேணாமா ஜெசி?”